செருப்புப் படம் போட்ட வட்டம்

திங்கட்கிழமை பட்டதாரியின் படத்தை அலுவலக லிஃப்ட்டுக்குப் பக்கத்தில் ஒட்டினார்கள். சென்ற மாதம் அதிக தூரம் ஓடியவர் என்று கீழே எழுதியிருந்தது. மறுநாள் அவள் அம்மா வேலை செய்யும் இடத்திலிருந்து ஒரு தாள் வந்தது. சென்ற மாதம் இருபத்திரண்டு நாள் வேலைக்கு வரவில்லை, வெள்ளிக்கிழமைக்குள் விளக்கம் தராவிட்டால் பெயர் நீக்கப்படும் என்று அதில் இருந்தது. இரண்டுமே பொய். ஓடாதவளுக்குப் படம், ஒரு நாள் தவறாமல் போனவளுக்கு எச்சரிக்கை. இரண்டு பொய்யும் ஒரே போனிலிருந்து கிளம்பியவை என்பது அவளுக்குப் புரிய அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆயிற்று.

பட்டதாரி என்பது அண்ணன் வைத்த பெயர். அந்த வீட்டில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவள் அவள்தான். பட்டம் வாங்கி வந்த அன்றைக்கே "பட்டதாரி, அந்தத் தண்ணிய எடு" என்றான். முதலில் எரிச்சலாக இருந்தது. எரிச்சல்பட்டால் இன்னும் இரண்டு தடவை கூப்பிடுவான் என்பதால் விட்டுவிட்டாள். இப்போது தெருவே அப்படித்தான் கூப்பிடுகிறது.

காப்பீட்டு நிறுவனமொன்றில் அவளுக்கு வேலை. விபத்தென்றும் நோயென்றும் வரும் விண்ணப்பங்களைப் படித்து, எங்கே பொய் இருக்கிறதென்று கண்டுபிடிக்க வேண்டும். முதுகு போய்விட்டது, எழுந்து நிற்கக்கூட முடியவில்லை என்று எழுதியவர் அதே வாரம் நீச்சல் குளத்துக்குப் போன ரசீதையும் சேர்த்து இணைத்திருப்பார். அந்த மாதிரிப் பொய் சுலபம். நல்ல பொய் வேறு. அதில் முக்கால்வாசி உண்மை இருக்கும், கால்வாசியை எங்கே செருகியிருக்கிறார்கள் என்று விரலால் தடவித்தான் பார்க்க வேண்டும். அவளுக்கு அந்த விரல் இருந்தது. பிரிவுத் தலைவரே ஒரு முறை சொல்லியிருக்கிறார், பெயர் ஞாபகம் வராமல், "அந்தப் புதுப் பொண்ணு நல்லா பிடிக்குது" என்று.

பிரிவுத் தலைவரைப் பின்னால் எல்லாரும் கடிகாரம் என்பார்கள். ஓடுகிறவர்கள் கட்டும் தடித்த கைக்கடிகாரம் ஒன்று அவர் மணிக்கட்டில் எப்போதும் இருக்கும்; பேசும்போது எதிரில் இருப்பவரை ஒரு பார்வை, அதை இரண்டு பார்வை பார்ப்பார். ஆரோக்கியம் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தவர் அவர்தான். பிரிவில் இருபத்தாறு பேரும் ஓடுவதை அளக்கும் ஒரு செயலியைப் போனில் ஏற்றிக்கொள்ள வேண்டும். யார் எவ்வளவு ஓடினார்கள் என்பது ஒரே பட்டியலில் எல்லாருக்கும் தெரியும். பிடித்திருந்தால் கை தட்டும் படத்தைத் தொடலாம். விருப்பமிருந்தால் சேரலாம் என்றுதான் மெயிலில் இருந்தது. சேராத இரண்டு பேரைப் பற்றி அடுத்த கூட்டத்தில் விசாரித்தார்.

பட்டதாரி ஆறு நாள் ஓடினாள். லாரிப் பட்டறைகளுக்கு நடுவில் இருக்கும் தெருவில், முதல் நாள் நாய் துரத்தியது, இரண்டாம் நாள் பட்டறைக்காரர்கள் "யாரும்மா துரத்துறா?" என்று கேட்டார்கள். ஏழாம் நாள் விட்டுவிட்டாள். ஒன்பது மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, சமைத்து முடித்து, அதற்கும் மேல் எங்கேயும் போய்ச் சேராத ஓர் ஓட்டம் ஓட வேண்டுமென்றால் அதற்கு இன்னொரு ஆள் வேண்டும். பட்டியலில் அவள் இருபத்துநான்காவதாக இருந்தாள். அவளுக்குக் கீழே ஒருவர் கால் உடைந்து விடுப்பில் இருந்தார், இன்னொருவர் கர்ப்பிணி.

அம்மாவுக்கு விமான நிலையத்தில் வேலை. பயணிகள் சாமான் தள்ளிக்கொண்டு போய்க் கார் நிறுத்துமிடத்தில் விட்டுவிட்டுப் போகும் டிராலிகளைச் சேர்த்து, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, பன்னிரண்டு பன்னிரண்டாக வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வர வேண்டும். காலை ஏழிலிருந்து சாயங்காலம் நாலு வரை. ஆறு வருடத்தில் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காதவர்கள் அங்கே இரண்டே பேர். ஒருத்தி அம்மா. இன்னொருத்தர் செத்துப்போய்விட்டார். அலுவலகத்தில் சேரும்போது நிரப்பிய படிவத்தில், தாயின் தொழில் என்ற இடத்தில் பட்டதாரி 'இல்லத்தரசி' என்று எழுதியிருந்தாள். இவ்வளவும் எழுதுவதற்கு அந்தக் கட்டத்தில் இடமில்லை என்று அப்போது தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

சென்ற மாதத்திலிருந்து அம்மாவின் வேலையிடத்தில் கையெழுத்து நோட்டு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். இனி எல்லாரும் போனில்தான் வருகையைப் பதிய வேண்டும். அம்மாவிடம் இருந்தது பொத்தான் போன். அதனால் பட்டதாரி தன் பழைய போனை, மூலை உடைந்ததை, அம்மாவுக்குக் கொடுத்துவிட்டுப் புதிதொன்று வாங்கிக்கொண்டாள். டெலிவரி வேன் ஓட்டும் அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வருகைப் பதிவு செயலியைப் பழைய போனில் ஏற்றிக் கொடுத்தான். "ஆரஞ்சு கலர்ல வட்டமா இருக்கும்மா. வந்ததும் அழுத்து, கிளம்பும்போது அழுத்து. முடிஞ்சுது" என்றான். அதே போனில் ஓட்டச் செயலி பட்டதாரியின் பெயரிலேயே திறந்து கிடந்தது. அதை மூட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அதுவும் ஆரஞ்சு வட்டம்தான்.

சென்ற மாதத்தின் முதல் நாள் சாயங்காலம், புதுப் போனில் திறந்த பட்டதாரியின் கணக்கில் பதினாறு கிலோமீட்டர் ஏறியிருந்தது. கோளாறு என்று நினைத்து அழித்துவிட்டாள். மறுநாளும் பதினாறு. இந்தத் தடவை வரைபடத்தைத் திறந்து பார்த்தாள். விமான நிலையத்துக்கு முன்னால், சீப்பின் பற்களைப் போல, போய்த் திரும்பி, போய்த் திரும்பி, நெருக்கமாகக் கோடுகள். அம்மாவின் சட்டைப்பையில் இருக்கும் போன் தானாக எண்ணிக்கொண்டிருக்கிறது என்று புரிந்துகொண்டாள். ஒரு நிமிடத்தில் மூடியிருக்கலாம். மூடப் போனபோது கடிகாரம் கை தட்டியிருப்பதைப் பார்த்தாள். கூடவே அவளுடைய பெயரை, எழுத்துப் பிழையில்லாமல், எழுதிப் 'பிரமாதம்' என்று போட்டிருந்தார்.

அவள் மூடவில்லை. வரைபடமும் நேரமும் மற்றவர்களுக்குத் தெரியாதபடி மறைத்தாள். தூரம் மட்டும் தெரிந்தது.

"எப்பதான்டி ஓடுற?" என்று பக்கத்து இருக்கை அக்கா கேட்டாள்.

"காலைலக்கா."

அதில் முக்கால்வாசி உண்மை இருந்தது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அம்மா அந்தத் தாளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

"இது என்னன்னு பாரு. சூப்பர்வைசர் குடுத்தாரு. மூஞ்சியப் பாக்காம குடுத்தாரு."

பட்டதாரி படித்தாள். "போன மாசம் பூரா நீ வேலைக்குப் போகலன்னு போட்டிருக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லலன்னா பேர எடுத்துடுவாங்களாம்."

"யாரு, நானா?"

"நீதான்."

சாப்பிட்டுக்கொண்டிருந்த அண்ணன் தலையைத் தூக்கினான். "தினமும் யூனிபார்ம் மாட்டிக்கிட்டு எங்கம்மா போன? சினிமாவுக்கா?"

"ஆமாடா. உங்கப்பன் டிக்கெட் எடுத்து வச்சுட்டுப் போயிருக்கான்ல."

"பட்டன் அழுத்துனியா இல்லையா?"

"வந்ததும் ஒரு தடவ, கிளம்பும்போது ஒரு தடவ. நீ சொன்ன மாதிரிதான்."

"காட்டு."

அம்மா போனை எடுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, கட்டை விரலால் அழுத்தினாள். சின்னதாக ஒரு மணி அடித்தது. ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னது.

"பாத்தியா, பேசுது. வேல ஆரம்பிச்சாச்சுன்னு சொல்லுது."

அண்ணன் சாப்பாட்டுக் கையை அப்படியே வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தான். "அம்மா, இது ஓடுற ஆப்மா. யாரு எவ்ளோ தூரம் ஓடுறாங்கன்னு பாக்குறது."

"செருப்புப் படம் போட்டிருக்கேடா."

"அதனால?"

"நாள் பூரா நடக்குற வேலை. அதுக்குச் செருப்புப் படம் போடாம நாற்காலிப் படமா போடுவாங்க?"

அண்ணன் இடது கையால் திரையைத் தள்ளிக் காட்டினான். இரண்டாவது பக்கத்தில் இன்னொரு ஆரஞ்சு வட்டம் இருந்தது, நடுவில் ஒரு சரிக்குறியோடு. முதல் பக்கத்தில் இடமில்லாததால் அங்கே போய் உட்கார்ந்திருந்தது. போனில் இரண்டாவது பக்கம் என்று ஒன்று இருப்பதை அம்மாவிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

"அப்ப தினமும் பேசுன அந்தப் பொண்ணு?" என்றாள் அம்மா.

"அது மெஷின்மா. ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சொல்லும்."

"நாலு தடவ பேசினா டீ டைம். எட்டு தடவ பேசினா சாப்பாடு. நான் மணியே பாக்குறதில்ல தெரியுமா?" அம்மா போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சாப்பிட உக்காரும்போது பாத்தா கை தட்டுற படமா வந்திருக்கும். ஒரு நாள் எட்டு, ஒரு நாள் பத்து. மேல ஆபீஸ்ல உக்காந்து நம்ம வேலையப் பாத்துட்டுதான் இருக்காங்கன்னு நெனச்சேன். அதுக்கப்பறம் கொஞ்சம் வேகமாத்தான் தள்ளுறது."

பட்டதாரி தாளை நான்காக மடித்தாள். பிறகு பிரித்தாள். அம்மா வேலைக்குப் போனதற்குச் சாட்சி அந்தக் கோடுகள்தான். அவை அவளுடைய பெயரில் இருந்தன.

புதன்கிழமை காலை அரை நாள் அனுமதி கேட்டுவிட்டு அம்மாவோடு போனாள். சூப்பர்வைசரின் அலுவலகம் கார் நிறுத்துமிடத்தின் ஓரத்தில் இருந்த ஒரு இரும்புப் பெட்டி. ஏசி உள்ளே ஓடியது, தண்ணீர் வாசற்படியில் சொட்டியது. அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போடுவது சுலபமாக இருந்திருக்கும்.

"நேத்தும் முந்தாநேத்தும் நானே சரி பண்ணிட்டேன் மேடம். நடக்குற மாசத்துல என்னால கை வைக்க முடியும். முடிஞ்ச மாசம் பூட்டிக்கிடுச்சு."

"நீங்க தினமும் இவங்களப் பாக்குறீங்களே."

"நான் பாத்தது கணக்குல வராது மேடம். போன் பாத்தாதான் கணக்கு."

"கேமரா?"

"மூணு நாளைக்கு மேல வைக்கிறதில்ல."

பட்டதாரி வரைபடங்களை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினாள். அவர் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து பார்த்தார். பார்க்கப் பார்க்க அவருக்கே ஆர்வம் வந்துவிட்டது.

"இது நாலாவது வரிசை. இந்தா, இங்க வளையுது பாருங்க. அங்க ஒரு பள்ளம், எழுதிக் குடுத்து ஒரு வருஷமாச்சு, இன்னும் அடைக்கல. அதச் சுத்திப் போறாங்க." அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். "பன்னெண்டு வண்டியோடயா வளைக்கிற?"

"பின்ன, பள்ளத்துல இறக்கவா முடியும்?" என்றாள் அம்மா.

"எல்லாம் சரி மேடம். ஆனா இதுல உங்க பேரு இருக்கு. உங்க போட்டோ இருக்கு. நாளைக்கு மேல இருக்கறவன் கேட்டான்னா, இது அம்மா கால், பொண்ணு கால் இல்லன்னு நான் எத வச்சுச் சொல்றது?"

"நான் அந்த நேரம் ஆபீஸ்ல இருந்தேன்."

"அத உங்க ஆபீஸ் எழுதிக் குடுக்கட்டும். நீங்க சீட்ல இருந்தீங்க, ஓடலன்னு. அது வந்தா அனுப்பிடுறேன்." அவர் இன்னொரு முறை எண்ணினார். "இருபத்திரண்டு நாள்ல இருபத்தொண்ணுதான் இருக்கு. ஒண்ணாந்தேதி இல்லையே."

"வந்தேனே," என்றாள் அம்மா. "அன்னிக்கும் வந்தேன். நீங்களே எல்லாருக்கும் அழுத்திக் காட்டுனீங்களே."

"நான் காட்டுனேன்மா. நீ எத அழுத்துன?"

பட்டதாரி போனை அணைத்துப் பைக்குள் போட்டாள்.

வியாழக்கிழமை கடிகாரத்தின் அறைக்குப் போனாள். மேசைக்கு அடியில் அவருடைய ஓடும் காலணிகள் இருந்தன, உள்ளே காகிதம் திணித்து. அவர் மணிக்கட்டைப் பார்த்தார்.

"மூணு நிமிஷம் இருக்கு."

"ஒரு நிமிஷம் போதும் சார். ஒரு லெட்டர் வேணும். போன மாசம் இந்த இருபத்தொரு நாளும் ஒன்பதுலேருந்து ஆறு வரைக்கும் நான் சீட்ல இருந்தேன்னு."

"எதுக்கு?"

"நான் ஓடலன்னு காட்டுறதுக்கு."

அவர் முதன்முறையாகக் கடிகாரத்தைப் பார்க்காமல் அவளைப் பார்த்தார். "பின்ன யாரு ஓடுனது?"

"யாரும் ஓடல சார். எங்கம்மா நடந்தாங்க. ஏர்போர்ட்ல டிராலி தள்ளுறாங்க. என் பழைய போன் அவங்க கிட்ட இருக்கு."

அவர் கணினியில் அவளுடைய கோப்பைத் திறந்தார். வருகைப் பதிவுக்காகத்தான் திறந்தார். ஆனால் மேலே இருந்து படிக்கிற வழக்கம் அவருக்கு.

"இல்லத்தரசின்னு போட்டிருக்கே."

"வீட்டுக்கு வந்தப்புறம் அதுவும்தான் சார்."

"தினமும் பதினாறா?"

"சில நாள் பதினெட்டு."

"என்ன ஷூ போடுறாங்க?"

"அவங்க குடுக்குறது."

கடிகாரம் மேசைக்கு அடியிலிருந்த தன் காலணிகளைக் குனிந்து பார்த்தார். ஐந்நூறு கிலோமீட்டருக்கு ஒரு முறை காலணி மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் முட்டி போய்விடும் என்று கூட்டம் போட்டுச் சொன்னவர் அவர். முன்னூற்று நாற்பத்தைந்து கிலோமீட்டருக்கு அவள் படத்தை ஒட்டச் சொன்னவரும் அவர்தான். மனசுக்குள் ஏதோ வகுத்துப் பார்ப்பது போலிருந்தது.

"ஆரம்பத்துலேருந்தே உனக்குத் தெரியுமா?"

"ரெண்டாவது நாள்லேருந்து."

"இத எழுதிக் குடுத்தா லிஃப்ட்ல இருக்கறத எடுக்கணும். எல்லாருக்கும் மெயில் போகணும். ஏமாத்துனான்னுதான் போடணும், அதுக்கு வேற வார்த்தை இல்ல. நம்ம வேலையே அதத்தான் பிடிக்கிறது, தெரியும்ல?"

"தெரியும் சார். போடுங்க."

அவர் போட்டார். இரண்டையும் போட்டார், கடிதத்தை முதலில். சொன்ன மூன்று நிமிடம் பதினொன்றாகியிருந்தது. மதியத்துக்குள் லிஃப்ட்டுக்குப் பக்கத்தில் படம் இல்லை, நான்கு மூலையிலும் ஒட்டுநாடா மட்டும் இருந்தது. உடைந்த கால்காரர் பட்டியலில் ஓர் இடம் மேலே வந்தார்.

பக்கத்து இருக்கை அக்கா நாலு மணிக்குத்தான் வாயைத் திறந்தாள்.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லடி. தினமும் கை தட்டினேனே."

"போய்ச் சேர்ந்தது எங்கம்மா போனுக்குத்தான்க்கா."

அக்கா யோசித்தாள். "அப்ப சரி. உனக்குத் தட்டினதத் திருப்பிக் குடுன்னு கேக்கலாம்னு இருந்தேன்."

மற்றவர்கள் அவளைப் பார்த்துத் தணிந்த குரலில் பேசினார்கள். அவளுக்குக் கோபம் வந்தது. அவர்கள் மேல் வரவில்லை. அம்மா நடந்ததை அம்மாவின் பெயரில் காட்டியிருந்தால் இந்த இருபத்தாறு பேரில் எத்தனை பேர் தட்டியிருப்பார்கள் என்று எண்ணிப் பார்த்தாள். தானும் ஒன்றும் தட்டவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

வெள்ளிக்கிழமை கடிதத்தைக் கொடுத்தார்கள். சூப்பர்வைசர் மேலே அனுப்பினார், மதியமே பதில் வந்துவிட்டது. பெயர் நீக்கம் இல்லை. இருபத்தொரு நாள் சரிசெய்யப்பட்டது. ஒண்ணாந்தேதி மட்டும் வராத நாளாகவே நின்றது.

அடுத்த திங்கட்கிழமை விடியலில் அம்மா வாசலில் உட்கார்ந்து காலணிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். அண்ணன் சரிக்குறி போட்ட வட்டத்தை முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, மற்றதை அழித்திருந்தான்.

"ஆறு வருஷத்துல ஒரு நாள்," என்றாள் அம்மா. "வந்த நாளுக்கு வரலன்னு எழுதி வச்சுட்டான். அன்னிக்கும் அந்தப் பொண்ணு பேசுச்சே. அது எங்க போச்சு?"

"நான் அழிச்சேன்," என்றாள் பட்டதாரி. "கோளாறுன்னு நெனச்சு அழிச்சுட்டேன்."

அம்மா கயிற்றை இழுத்துக் கட்டினாள். "கை தட்டுனது யாரு?"

"எங்க ஆபீஸ் ஆளுங்க."

"எனக்கா?"

நல்ல பொய் ஒன்று நாக்கு நுனியில் இருந்தது. முக்கால்வாசி உண்மை.

"இல்ல. எனக்குன்னு நெனச்சுத் தட்டுனாங்க."

"உனக்குத் தெரியுமா, நடந்தது நான்னு?"

"தெரியும்."

"தெரிஞ்சும் பேசாம இருந்திருக்க."

"ஆமா."

அம்மா இன்னொரு காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அடியைத் திருப்பிப் பார்த்தாள். குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது, பள்ளத்தைச் சுற்றி வளைக்கும் பக்கம். அதையும் மாட்டிக் கட்டி முடித்தாள். பிறகு எழுந்து போனை நீட்டினாள்.

"அந்தச் செருப்பத் திருப்பிப் போட்டுக் குடு. என் பேர்ல போடு."

பட்டதாரி உட்கார்ந்து போட்டாள். பெயர் கேட்டது, அம்மாவின் பெயரை அடித்தாள். வயது கேட்டது. படம் கேட்டது, வேண்டாமென்று தள்ளினாள்.

"யாருக்கெல்லாம் காட்டணும்னு கேக்குதும்மா."

"யாருக்கும் வேணாம். உனக்கும் வேணாம். டீ டைம் தெரிஞ்சா போதும்."

அப்படியே போட்டுக் கொடுத்தாள். அம்மா அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.